வீண் பூ

கைராசி என்ற சொல்லை யாராவது என் எதிரில் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அதற்குக் காரணம் ஒரு பரங்கிக் கொடி.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் நாலே பேர்: என் கணவர், அவர் தங்கை, மாமியார், நான். நாத்தனார் கைக்குழந்தையாக இருந்தபோதே மாமனார் காலமாகிவிட்டார். இப்போது அவளுக்குத் தை மாதக் கடைசியில் முகூர்த்தம் வைத்திருந்தது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாலிகை தெளிப்பது என்று ஒன்று உண்டு. மண்கிண்ணங்களில் ஊறவைத்த தானியத்தைச் சுமங்கலிகள் தெளிப்பார்கள். அது நன்றாக முளைத்தால் தம்பதி தழைப்பார்கள் என்று நம்பிக்கை. "மன்னி, நீதான் மொதல்ல தெளிக்கணும்" என்று நாத்தனார் என்னிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கியிருந்தாள். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்கு அவள்தான் தங்கை. மாமியார் பாலிகை தெளிக்க முடியாது. கணவனை இழந்தவர் என்பதால் அந்த நேரத்தில் எதிரில்கூட வந்து நிற்க மாட்டார்.

ஐப்பசியில் நான் கொல்லையில் ஊன்றிய பரங்கி விதை கார்த்திகைக் கடைசியில் கொடியாகிப் பூக்க ஆரம்பித்தது. மார்கழியும் பிறந்தது. வாசல் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பரங்கிப் பூவைச் செருகி வைக்க வேண்டும் அல்லவா? கோல விஷயத்தில் எனக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். ஒரு பூ வைத்தால் போதும் என்றால் நான் ஒன்பது வைப்பேன்.

"பிஞ்சோட இருக்கற பூவைத் தொடாதே" என்றார் மாமியார். "காம்பு நீளமா, பிஞ்சில்லாம நிக்கறது பார், அதெல்லாம் வீண் பூ. அதைப் பறிச்சுக்கோ."

நானும் சமர்த்தாக, பிஞ்சுள்ள பூவில் விரல்கூடப் படாமல், பொழுது விடிவதற்குள் வீண் பூக்களை ஒன்று விடாமல் பறித்தேன். எங்கள் வாசலுக்குப் போக மீதியைச் சந்திலிருந்த மற்ற வீடுகளுக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தேன். நல்ல பெண் என்று பெயர் வேறு கிடைத்தது.

பிஞ்சுகள் மட்டும் நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்தன. மாட்டை ஓட்டி வந்து பால் கறக்கிறவர் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கொடி நல்லா தழச்சிக்கினு கீது, காய் ஒண்ணையும் காணோமே?" என்று கேட்டு வைத்தார். அவர் போனதும் மாமியார், "சில பேருக்குக் கைராசி உண்டு. சில பேருக்கு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். முழுசாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்கழி நடுவில் எனக்கு மாதவிலக்கு வந்தது. மூன்று நாள் பின்கட்டு அறைதான். செடி கொடி பக்கம் போனால் கருகிவிடும் என்பார்கள். நாலாம் நாள் தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு வந்து சில நாள் கழித்துப் பார்த்தால், அந்த மூன்று நாளில் பூத்த பிஞ்சுகளில் நாலு நிலைத்துவிட்டன! எலுமிச்சையாகி, மாதுளங்காயாகி, கொழுகொழுவென்று வளர்ந்தன. நான் துள்ளினேன். மாமியார் துள்ளவில்லை.

"இவ கை படாத மூணு நாள்தான் காய்ச்சிருக்கு" என்று மகனிடம் தணிந்த குரலில் சொன்னார். "பாலிகைக்கு வேற யாரையாவது சொல்லிடலாம். என் பொண்ணு வாழணும்டா."

கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதேன். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். அந்த மூன்று நாளும் என் கை படவில்லை, சரி. வேறு என்ன நடக்கவில்லை? எனக்குப் பதில் கோலம் போட்டவள் நாத்தனார். பனியில் கொல்லைக்குப் போகச் சோம்பல்பட்டு அவள் பூவே வைக்கவில்லை!

என் கணவர் கல்லூரியில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர். வீட்டுக் கொல்லையை மட்டும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அன்று சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"அது வீண் பூ இல்லைடி, ஆண் பூ!" என்று குதித்தார். "அதோட மகரந்தம் பிஞ்சோட இருக்கற பெண் பூவில பட்டாத்தான் பிஞ்சு நிக்கும்."

"கடல்காத்து இந்த அடி அடிக்கறதே, அது கொண்டுபோய்ச் சேர்க்காதா?"

"நெல்லு, புல்லு, அடையாறுப் பக்கத்துச் சவுக்கு, இதெல்லாம்தான் காத்தை நம்பி இருக்கு. அதோட தூள் லேசு, பறக்கும். பரங்கித் தூள் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். வண்டும் தேனீயும் காலையில வந்து எடுத்துண்டு போகணும்."

வண்டு வருவதற்குள் நான் அல்லவா எல்லாவற்றையும் பறித்துவிடுகிறேன்! "இதை அம்மாகிட்ட சொல்லுங்கோ" என்றேன்.

"ஆண் பூ பெண் பூன்னு அம்மாகிட்ட எப்படிப் பேசறது?" என்று முகம் சிவந்தார். வகுப்பு நிறையப் பையன்களுக்குப் பலகையில் படம் போட்டுக் காட்டுகிற மனுஷர்!

மறுநாள் விடிந்ததும் மாமியாரைக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். ஒரு வீண் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, அதன் நடுத்தண்டை இரண்டு பெண் பூக்களுக்குள் தடவினேன். அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டினேன்.

"என்னடி பண்றே?"

"கல்யாணம் பண்ணி வைக்கறேம்மா. இது மாப்பிள்ளை."

குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்போ தினம் ஒம்பது மாப்பிள்ளையைப் பறிச்சுண்டு வந்து சாணியிலயா சொருகினே?" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும், "வீண் பூன்னு சொன்னது நான்தானே" என்றார்.

மூன்றாவது பெண் பூ ஒன்று பாக்கி இருந்தது. "நீங்க பண்ணி வையுங்கோ" என்று அந்த மாப்பிள்ளைப் பூவை நீட்டினேன்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நான் தொடப்படாது. நல்ல காரியம்கறியே."

"கொடிக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் தடவினார். நூலும் அவரே கட்டினார்.

என் இரண்டில் ஒன்று எதனாலோ உதிர்ந்தது, ஒன்று நின்றது. அவர் தொட்டது எல்லாவற்றையும் மிஞ்சிப் பருத்தது. பத்து நாள் தினமும் போய் நூலைப் பார்த்துவிட்டு வந்தவர், ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடி, "பாலிகைக்கு அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கோ" என்றார். மன்னிப்பு என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பாலிகையை நானே முதலில் தெளித்தேன். மாமியார் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். அன்று பகல் பந்தியில் நூல் கட்டிய காய்களைக் கூட்டாக்கிப் போட்டோம். உறவுக்கார மாமி ஒருத்தி ருசி பார்த்து, "உங்காத்துக் காயா? யார் கைராசி?" என்று என்னைக் கேட்டாள்.

"அம்மா கைராசி" என்றேன், உள்ளறைக்குக் கேட்கும்படி.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மாமியார் சமையலறை மூலையில் இலை போட்டு உட்கார்ந்தார். ஒருவேளைச் சாப்பாடுதான் அவருக்கு. எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை. அன்று என்னை நிமிர்ந்து பார்த்து, "கூட்டு இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.