தலைமுறை: இரண்டு

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குச் சாயப்பட்டறையின் குடியிருப்பு அலுவலர் படிவத்தில் 'தலைமுறை' என்ற கட்டத்தில் 'இரண்டு' என்று எழுதினார். குற்றச்சாட்டு இதுதான்: மூன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஒரு மனுஷியையே விழுங்கிவிட்டார்.

மூன்று தலைமுறையாகப் பட்டறையில் உழைக்கும் குடும்பம் பட்டறை கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்பது விதி. தொட்டிப் பிரிவில் எல்லோரும் 'ஃபைல் அக்கா' என்று கூப்பிடும் அவளுக்கு நாற்பத்தொரு வயதும் அந்த இரண்டறை வீட்டில்தான் கழிந்தது. மாதக் கடைசிக்குள் சாவியை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

"தலைமுறைன்னா அப்பன், மகன், பேரன்மா. உங்க தாத்தா ஒண்ணு. உங்கம்மா பொண்ணு, அது சேராது. நீங்க இப்ப வேலையில இருக்கறதால போனாப் போகுதுன்னு ரெண்டு போட்டேன்" என்றார் அலுவலர்.

"நானும் பொண்ணுதானே சார்? அப்ப எங்கம்மா இல்லாம இருபத்தாறு வருஷம் கொதிக்கிற தொட்டியில துணி புரட்டினது யாரு? சேராதுங்கறதையும் எழுதிக் குடுங்க."

அவர் எழுதவில்லை. பார்க்கலாம் என்று சொல்லிக் காகிதத்தை மடித்தார்.

அவள் படித்தது எட்டாம் வகுப்பு. மிச்சத்தைப் பழைய சுற்றறிக்கைகளைப் படித்துப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். வாசகசாலை அகராதியில் 'தலைமுறை'க்குப் போட்டிருந்த பொருளை வரி விடாமல் எழுதியெடுத்தாள். அதில் ஆண் என்ற பேச்சே இல்லை. கூட வேலை செய்யும் கொதிகலன்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"புது மெஷின் மேல நாலாம் தலைமுறைன்னு ஒட்டியிருக்கானே, அதுக்கு எவன் அப்பன்னு அவரையே கேளுக்கா."

சிரிப்பு அடங்கியதும் அவள் பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். ஓய்வு பெறுகிறவரின் எண் பொறித்த பித்தளை அடையாள வில்லை அதே வீட்டின் அடுத்த ஆளுக்குப் போவது பட்டறை வழக்கம். புது ஆள் வாங்கும்போதெல்லாம் மேஸ்திரி அதன் விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டுப் போடுவார். அவளுடைய 214ஆம் எண் வில்லையில் வெட்டுகள் மூன்று. நடு வெட்டுக்கு அலுவலகமே கொடுத்த ரசீதும் பெட்டியின் அடியில் கிடந்தது: 'இரண்டாம் தலைமுறைக்கு வில்லை மாற்றப்பட்டது.' கீழே அம்மாவின் கைநாட்டு.

மறுநாள் அசல்களை மடியிலேயே வைத்துக்கொண்டு மனுவோடு நகல்களை மட்டும் நீட்டினாள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தரும்வரை அலுவலகச் சன்னலை விட்டு நகரவில்லை. மனுவின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'தங்கள் அலுவலக ரசீதே என் தாயை இரண்டாம் தலைமுறை என்கிறது. எனில் நான் எத்தனையாவது? மகளை விலக்கும் விதி இருந்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறிப்பிடவும். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது. பதினைந்து நாட்களுக்குள், கையொப்பத்துடன், எழுத்து மூலம் பதில் தரவும். அதுவரை சாவி என்னிடமே இருக்கும்.'