அர்த்தனாரி வக்கீல் மறுபடி கோர்ட்டுக்குப் போனது

நாற்பத்திரண்டில் அர்த்தனாரி வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளைக்காரன் கோர்ட்டு இனி வேண்டாம் என்று மறியலுக்குப் போனார். அவருக்கு ஜெயிலில் களியாவது கிடைத்தது. அவருடைய குமாஸ்தாவான எனக்கு அதுவும் இல்லை. ராசிபுரம் பக்கம் எல்லாரும் அவரைத் தலைவர் என்றார்கள். நான் வாய்க்குள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்தது. மனிதர் கோட்டைத் திரும்பக் கேட்கவில்லை. தேர்தலில் நிற்கவும் மாட்டேன் என்றுவிட்டார். முள்ளுக்குறிச்சியில் நிலக்கடலை பயிர் செய்துகொண்டு, கொல்லிமலைக்கு ரோடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று அதிகாரிகள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டில் கொல்லிமலையின் எடப்புளி நாட்டு விவசாயி முத்தன், மனைவி இருசாயியோடு அவரைத் தேடி வந்தார். அவர்கள் ஊரில் சாமை விளைந்த நிலத்தைச் சில வருஷம் புதர் மண்ட விட்டுவிடுவார்கள். மறுபடி விதைக்கும்வரை அது அம்மனுடையது. தன்னுடையது என்று யாரும் வாயால் சொல்லக்கூடாது. முத்தன் மறுபடி விதைக்கப் புதரை வெட்டியபோது, புதிதாக வந்த ஃபாரஸ்ட் கார்டு யார் நிலம் என்று கேட்டிருக்கிறார். என்னுடையதில்லை, அம்மனுடையது என்று இவர் பயபக்தியோடு சொல்லிவிட்டார். அப்படியானால் சர்க்கார் காடுதான் என்று வழக்குப் போட்டாகிவிட்டது. முத்தனிடம் பட்டாவும் இல்லை, வேறு நிலமும் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் எரிந்து விழுந்தேன். வக்கீல் கோட்டை எடுத்துவரச் சொன்னார். அது அவர் வயிற்றை மூட மறுத்தது.

கூண்டில் ஏறிய முத்தன் அங்கேயும் அம்மன் நிலம் என்றார். நான் கேஸ் கட்டை மூடிக் கட்ட ஆரம்பித்தேன்.

வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "அம்மன் அதை யாருக்குத் திருப்பித் தரும்?"

"எனக்குத்தானுங்க. எங்கப்பனுக்கும் அப்படித்தான் குடுத்துச்சு."

"பக்கத்து நெலத்துக்காரர் வெதைச்சா?"

"வெதைக்க மாட்டாருங்க. அது எங்களுதுன்னு அவருக்குத் தெரியும், அம்மனுக்கும் தெரியும்."

மாஜிஸ்ட்ரேட்டே சிரித்துவிட்டார். பக்கத்து நிலத்துக்காரரும் அதையே சாட்சி சொன்னார். ஓய்வில் கிடந்த விளைநிலம் காடாகாது என்று வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வந்த வக்கீல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்; ஜெயித்தவர் முகமாகவே இல்லை. ஜெயிலுக்குப் போகும்போதுகூடச் சிரித்தவருக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்டேன்.

"அப்பப் போனது நான் ஒருத்தன், சின்னுசாமி. இன்னைக்குத் தோத்திருந்தா ஒரு குடும்பமே மலையை உட்டு எறங்கியிருக்கும்."

அப்பாடா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் அவர்மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. மழைக்கு முன்னே விதைக்க வேண்டுமென்று இருசாயி புருஷனை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.