போடாமல் வைத்திருந்த சீட்டு

என் தம்பி ஒரு லீவு நாள் மதியம் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தான். எதிராளி யாரோ புது ஆள், தானாக நட்பு கேட்டு வந்திருந்தது. ‘எறும்பு’ என்று பெயர் போட்டிருந்தது. தம்பி கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். அதைப் போட்டால் எறும்பின் கதை முடிந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. அவன் போடவில்லை. திரையின் நடுவில் நேரக் கணக்குக்கு வைத்திருக்கும் திரி உஸ்ஸென்று எரிந்து அணைந்தது, முறை மாறிப்போனது. எறும்பு தட்டுத் தடுமாறி ஜெயித்துவிட்டது.

“ஏன்டா விட்டே?”

“புதுசுக்கா. வச்சிருக்கற சீட்டைப் பார்த்தாலே தெரியுது. முதல் ஆட்டத்துலயே அடிச்சா ஓடிரும். விடு, யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதே.”

இதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் நல்லது என்று அதிகம் இல்லை.

தம்பி லிப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியிலிருந்து அத்தனை பொறுமையாகப் பேசுவான் என்று அவனோடு வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பொறுமை வீட்டுக்கு வந்ததே இல்லை. நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தால் கை முதலில் போனைத்தான் தேடும். அவன் பெண்டாட்டிக்கு பார்சல் பிரிக்கிற கூடத்தில் வேலை. நாள் பூராவும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். என் வீட்டுக்காரர் போன பிறகு இவர்களோடுதான் இருந்தேன்.

அந்த விளையாட்டை நான் மனசார வெறுக்கிறேன், கடவுள் மன்னிக்கட்டும். ஆனால் அதில் அவனுக்குச் சந்தோஷமே இல்லை என்று சொன்னால் அது பொய். போனில் புதுச் சீட்டுப் பாக்கெட் பிரிக்கும்போது ஐந்து சீட்டும் குப்புறக் கிடந்து மினுங்கும். ஒவ்வொன்றாகத் திருப்புவான். அப்போது அவன் முகத்தில் வரும் வெளிச்சம் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. அவன் பெண்டாட்டியும் பார்த்ததில்லை. வினை அங்கேதான்.

வேண்டாத சீட்டை உடைத்தால் தூளாகும், தூளைச் சேர்த்து வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளலாம். மாதக்கணக்காகத் தூள் சேர்த்து ‘மழை ராட்சசன்’ என்று ஒன்றைச் செய்தான். எட்டுப் பலம். விளையாட்டுக் கம்பெனிக்காரன் கண்ணில் என்ன பட்டதோ, ஒரு காலையில் எழுந்து பார்த்தால் எட்டு ஐந்தாகிக் கிடந்தது. தம்பி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

“ராட்சசனை எப்ப எடுக்கறாங்க, அண்ணி? நான் லீவு சொல்லணும்” என்றாள் அவள்.

“முதல்ல உன் வாய்க்குப் பலத்தைக் குறைக்கணும்டி.”

அந்த எறும்பு பிறகு தினமும் வந்தது. வரவர நன்றாக விளையாடியது. “அது ஒரு சனியன், அக்கா. ஒவ்வொரு முறையும் திரி கடைசிவரைக்கும் எரியுது. வேணும்னே காக்க வைக்குது” என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் திட்டுவான். “சாப்பிடுங்க, ஆறிடும்” என்பாள் அவள், தட்டை நகர்த்தி வைத்து.

ஒரு லீவு நாள் நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டில் நாமாக எதுவும் பேச முடியாது. வணக்கம், நன்றி, அடடா என்று ரெடிமேடாக ஆறு வார்த்தை இருக்கும், அமுக்கினால் போன் சொல்லும். வசவுக்கு வழியில்லை. ஆனால் அடிவாங்கிக் கிடக்கிறவனைப் பார்த்து ‘நல்ல ஆட்டம்!’ என்று அமுக்கினால் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஹாலில் தம்பி போன் ‘நல்ல ஆட்டம்!’ என்றது. அதே நொடியில் படுக்கையறைக் கதவுக்குள்ளிருந்தும் ‘நல்ல ஆட்டம்!’

தம்பி எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

“நீதானா?”

“நானேதான். என்னை என்னென்ன சொன்னீங்க? சனியன், அப்புறம்?”

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. போன் இரண்டும் பேசின. இந்த அறையில் ‘அடடா!’, அந்த அறையில் ‘நன்றி!’ நடுவில் நான் துணி மடித்துக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்கு வேறு ஊரில் மேற்பார்வை வேலை வந்தது. வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“போன்னா போறேன், இருன்னா இருக்கேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“உன் இஷ்டம்.”

“பார்த்தீங்களா, அண்ணி? ‘உன் இஷ்டம்’கிற சீட்டு மட்டும் இவர்கிட்ட தீரவே தீராது.” பிறகு அவனிடம் திரும்பினாள். “சரி, ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா நீங்க என்கூடக் கிளம்பணும், அந்த ஊர்லயும் லிப்ட் ஓடுது. நீங்க ஜெயிச்சா நான் போகலை, இங்கேயே இருக்கேன். விட்டுக்கொடுக்கற வேலை மட்டும் வேண்டாம்.”

“எறும்புக்கு எவன் விட்டுக்கொடுப்பான்?”

யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? எனக்குத் தெரியவில்லை. ‘கடவுளே, ரெண்டு பேர் வாயையும் திற’ என்று மட்டும் வேண்டிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரொம்ப நேரம் இழுத்தது. கடைசியில் அவளுக்கு உயிர் நாலுதான் மிச்சம். தம்பி கைக்கு மழை ராட்சசன் வந்தான். அந்த ஐந்து பலமே போதும். கட்டைவிரலை அதன் மேல் வைத்தான். வைத்தபடியே இருந்தான். திரி பற்றிக்கொண்டது.

“டேய், போடுடா.”

உஸ்ஸென்று எரிந்து அணைந்தது. அடுத்த முறையில் அவள் முடித்துவிட்டாள். ஜெயித்தவள் முகமாக இல்லை, கதவைத் திறந்துகொண்டு வந்தவள் முகம்.

“கையில என்ன வச்சிருந்தீங்க?”

“ஒண்ணுமில்லை.”

“அண்ணி, நீங்க சாமி கும்பிடறவங்க. நீங்க சொல்லுங்க.”

தம்பி என்னை முறைத்தான். நான் என்ன செய்வேன்? “ராட்சசன் இருந்தான்மா” என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். “முதல் நாளும் இப்படித்தான் விட்டீங்க. நான்னு தெரியாம விட்டீங்க. இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒருத்தர் இருக்காரான்னுதான் தினம் வந்தேன். இன்னிக்கு நான்னு தெரிஞ்சும் புது ஆளுக்குப் போடற பிச்சையையே போடறீங்க. இருன்னு சொல்ல வாய் இல்லை, வரேன்னு சொல்லவும் வாய் இல்லை. தோத்துப்போய் என் பின்னால வர்ற ஆள் எனக்கு வேண்டாம்.”

“ஜெயிச்சாலும் திட்டு, தோத்தாலும் திட்டு. போ, போய்த் தொலை!”

“இதையாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

அவள் கிளம்பிய அன்று தம்பி அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தான், நான் பிடித்துத் தள்ளியதால். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். “உடம்பைப் பார்த்துக்குங்க, அண்ணி” என்றாள். அவனைப் பார்க்கவில்லை. இன்றுவரை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது இல்லை.

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. தம்பி கூடவே நாலு எட்டு ஓடி, தகரத்தில் படபடவென்று தட்டி, நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

“அன்னைக்கு ஜெயிச்சது நான்தான்டி! நான்தான் ஜெயிச்சேன்!”