ஒன்று புள்ளி எட்டு கிலோ

பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் சோதனையே தொழிலாகக் கொண்டிருந்தவளை அலுவலகத்தில் எல்லோரும் ‘கறார் அக்கா’ என்றே அழைத்தனர். பிறர் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிப்பதற்கே அவளுக்குச் சம்பளம். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது சுபாவம். பேருந்து ஓட்டும் கணவரும் அதற்குத் தப்பியதில்லை.

அப்போது கைவசம் இருந்தது, மருத்துவமனைகளுக்காக மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருள். இரண்டு கிலோவுக்குக் குறைந்த சிசுக்களுக்கு அது அளவைக் கூட்டிக் காட்டியது. திருத்த நாளாகும் என்றார்கள். ஆகவே 1.8 கிலோவுக்கு ஒரு சோதனை எழுதி, ‘எதிர்பார்த்த தோல்வி’ என்று குறியிட்டாள். குறி இருக்கும்வரை, சோதனை தோற்றாலும் மற்ற வேலை நிற்காது. ஆனால், பிழை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று அறிக்கையின் அடியில் ஒரு மஞ்சள் வரி தினமும் சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த வரி மேலாளரின் கண்ணை உறுத்தியது.

“அக்கா, வியாழக்கிழமை மருத்துவமனைக்காரங்க பார்க்க வர்றாங்க. அந்தச் சோதனையத் தூக்கிடுங்க.”

“பிழையத் தூக்குங்க தம்பி, மஞ்சள் தன்னால போயிடும்.”

“இப்படியே அடம் பிடிச்சா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

“அடம் பிடிக்கத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க?”

புதன்கிழமை காலை அறிக்கை சிவந்து கிடந்தது: ‘எதிர்பாராத வெற்றி’. தோற்க வேண்டிய சோதனை வென்றுவிட்டால் அதையும் கோளாறாகவே அறிவிக்கும் ஏற்பாடு அது.

“பாத்தீங்களா, சரியாயிடுச்சு!” என்று மேலாளர் பூரித்தார்.

அவள் எடையை 1.7 என்று மாற்றி ஓட்டினாள். தோல்வி. 1.9. தோல்வி. நிரலைத் திறந்தாள். எடை 1.8 என்றால் இன்ன விடையைக் கொடு என்று ஒரே ஒரு வரி புதிதாகச் செருகப்பட்டிருந்தது. எதிர் மேசை நிரலாளர் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தார்.

“கேள்வித்தாளப் பார்த்துட்டு விடை எழுதியிருக்கீங்களே சார், வெக்கமா இல்ல?”

நிரலாளர் மேலாளரைக் கண்ணால் காட்டினார்.

அவள் அந்த வரியை அழித்தாள். 1.0 முதல் 1.9 வரை பத்துச் சோதனைகள் எழுதினாள், பத்துக்கும் குறியிட்டாள்.

வியாழக்கிழமை திரையில் பத்து மஞ்சள் வரிகள்.

“அதென்ன மஞ்சளா இருக்கு?” என்றார் மருத்துவமனையின் தலைமை மருந்தாளர் அம்மாள்.

“அது ஒண்ணுமில்ல மேடம்...” என்று மேலாளர் இழுத்தார்.

“ரெண்டு கிலோவுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு மருந்தக் கூட்டிச் சொல்லும் மேடம். திருத்தற வரைக்கும் தொடாதீங்க,” என்றாள் அவள்.

“எங்க வார்டுல பாதிக் குழந்தைங்க அந்த எடைதாம்மா!” ஒப்புதல் தாளைக் கையெழுத்திடாமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அம்மாள் புறப்பட்டார்.

மேலாளரின் முகம் கறுத்தது. “நாளைக்கு என் அறைக்கு வாங்க.”

“நாளைக்கு எதுக்கு? இப்பவே பேசுங்க,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரிலேயே அமர்ந்தாள்.