தலை வெட்டிய தென்னை

முதலில் நாற்றம்தான் வந்தது. புளித்த கள்ளில் செத்த எலி ஊறினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நாற்றம். ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துவைகல், அதை ஒட்டி ஒரு தென்னை. "சாக்கடையில எவ சோத்தக் கொட்டுனது?" என்று பெண்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். மேலே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மேலே தென்னைக்குத் தலை இல்லை. கோடையில் தேங்காய் விழுந்து கூரை ஷீட் உடைகிறது என்று வீட்டு ஓனர் ஆளை ஏற்றி உச்சியை அறுத்திருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு. அங்கே கிழட்டு மாமரத்தைத் தலைவெட்டி, வெட்டுவாயில் சாணி அப்பிவிட்டால் மழைக்குப் பொதபொதவென்று துளிர்க்கும். அதே வைத்தியம்தான் இதற்கும்.

"ரெண்டு மழை பேயட்டும். குடை மாதிரி கிளைச்சிக்கும், நின்னுக்கிட்டே காய் பறிக்கலாம்" என்றார்.

மாமரத்துக்குப் பட்டைக்கடியில் எங்கெங்கோ மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். தென்னை, பனை, பாக்கு வகையறாவுக்கு உயிர் மொத்தமும் உச்சிக் குருத்து ஒன்றில்தான். அது போனால் நின்றபடியே பிணம். மேலே உரிக்கப் பட்டையும் கிடையாது, பட்ட காயம் மூடுவதும் கிடையாது. மட்டை விழுந்த தழும்புகூடக் கடைசிவரை தழும்பாகவே இருக்கும். பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்ட சங்கதி இது. ஓனரிடம் சொன்னேன். "கம்பெனியில போல்ட்டு முடுக்கறவன் மாமரத்துக்காரனுக்குப் பாடம் சொல்றான் பாரு" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மரம் சாய்ந்து நின்றதோ பக்கத்து ரூம் ஷீட்டுக்கு மேலே. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த சின்ன வயசு ஜோடி அங்கே இருந்தது. அந்த ஷீட்டுக்கு நேர் கீழேதான் கைக்குழந்தையின் தூளி.

ஒரு காலை, துவைகல்லில் கிடந்த துணியை என் மனைவி உதறினாள். கட்டைவிரல் பருமனில் ஒரு புழு பொத்தென்று விழுந்தது. வெளுத்த, கொழகொழத்த உடம்பு, பழுப்புத் தலை, கால் கிடையாது. தென்னையைக் குடைகிற கூன்வண்டின் புழு. அது நெளிந்த நெளிப்பில் கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"அக்கா, அது என் புள்ள தூளித் துணிக்கா!" என்று அந்தப் பெண் அலறினாள். "லாரி போனாலே மரம் ஆடுது. அண்ணன ஓனர்ட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கக்கா."

அன்றே தூளியை எங்கள் ரூமுக்கு மாற்றினோம். ஓனர் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மழை பொறுங்கம்மா" என்றார்.

"மழை இருக்கட்டும். காத வெச்சிக் கேளுங்கண்ணா" என்றேன்.

சிரித்துக்கொண்டே தண்டில் காதை வைத்தார். உள்ளே கரகரவென்று முறுக்கு மெல்லுகிற சத்தம். சிரிப்பு அப்படியே உறைந்தது.

"அய்யோ தேவுடா! எத்தன இருக்கும் உள்ள?"

"அதுங்களும் உங்க குடித்தனந்தாண்ணா. வாடகைதான் தராது" என்றாள் என் மனைவி.

காதில் ஒட்டியிருந்த பழுப்புச் சாற்றைத் துண்டால் துடைத்தார். துடைத்ததோடு விடாமல் துண்டை மோந்து பார்த்தார். அவ்வளவுதான், சாக்கடை ஓரம் குந்திக் குடலே வெளியே வருகிறமாதிரி வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டவள் அந்தக் குழந்தையின் அம்மாதான்.

மறுநாள் ஓனர் கூட்டிவந்த ஆட்கள் மரத்தைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கினார்கள். மாமரம் அறுத்தால் வளையம் வளையமாக வைரம் தெரியும். இதில் ஈரக் கயிற்றுக் கத்தையை அறுத்ததுபோல் நார், நாருக்கு நடுவே கூழ், கூழுக்குள் அத்தனை நெளிவு. அதற்கப்புறம் எங்கள் லைனில் சேமியா கிண்டவே யாருக்கும் மனசு வரவில்லை.

சாயங்காலம் குழந்தையின் அம்மா தூளியைத் தன் ரூமிலேயே கட்டினாள். குழந்தை தூங்கியது.

விடிந்து துவைகல்லுக்குப் போனால் புதுச் சாணி வாடை. மிச்சமிருந்த அடிக்கட்டை மேல் யாரோ பதமாக அப்பியிருந்தார்கள். ஓனர் கையைக் கழுவிக்கொண்டே, "வேர் இருக்குதில்ல? பாக்கலாம்" என்றார்.