முள்ளு நிக்க முதல்

மீன்காரன் பாரைக்குட்டி ஒண்டைத் தூக்கித் தராசுத் தட்டில எறிஞ்சுபோட்டு, முள்ளு ஆடி நிக்க முதலே நிறை சொன்னா, நீங்கள் பேசாம வாங்கிக்கொண்டு வருவியளோ? மாட்டியள். எங்கட கந்தோர்ப் பெரியவரும், அதுதான் பெரிய இஞ்சினியர், மாட்டார். திருகோணமலை மீன் மார்க்கெட்டில வச்சு அந்தாள் கத்தினதை நானே கேட்டனான்.

"முள்ளு நிக்கட்டும், மீன்கார நானா! நீ எறியிற வேகத்துக்கும் சேத்தோ நான் காசு தாறது?"

இந்தக் கதையை வச்சுத்தான் மனுசன் பிறகு என்னை மொக்கனாக்கினது.

நான் இஞ்சினியரிங் முடிச்சு வந்த புதுசு. ஹாபரில வெள்ளைக்காரன் காலத்து மர ஜெட்டி ஒண்டு கிடக்கு. அதின்ர நுனியில பழைய கிரேன் ஒண்டைக் கொண்டுபோய் வச்சு, கீழ வாற வத்தையளுக்கு, அதுதான் சாமான் ஏத்துற படகுகளுக்கு, சீமெந்து மூட்டை இறக்கப்போகினம். ஜெட்டி தாங்குமோ எண்டு கணக்குப் பாத்துச் சொல்லுறது என்ர வேலை. சரியெண்டா நானும் பெரியவரும் கையெழுத்து வைக்கவேணும். கிரேன் ஓட்டப்போறது ஆரெண்டு கேளுங்கோ. என்ர அக்காட மனுசன். சொந்த அத்தான். ஜெட்டி விழுந்தா முதல் தண்ணிக்குள்ள போறது அவர்தான்.

பெரியவர் தன்ர பாட்டில ஒரு டெஸ்ட் செய்தார். கிரேனும் சாமானும் சேந்து என்ன பாரமோ அந்தளவுக்கு ஜெட்டி நுனியில மூட்டை அடுக்கி, ஒரு நாள் விட்டு, நூல் பிடிச்சுப் பாத்தார். ஒரு தீப்பெட்டித் தடிப்புக்குப் பதிஞ்சிருந்தது. அவ்வளவுதான்.

"பாத்தீரோ ஐசே? மலை மாதிரி நிக்குது."

நான் விடேல்ல. கம்பஸில என்னோட படிச்சவன் ஒருத்தன் அங்கயே வேலையில இருந்தான். அவனைப் பிடிச்சு, ஜெட்டியின்ர தூண், மரம் எல்லாத்தின்ர அளவையும் கொம்பியூட்டர் வாசிக்கிற அட்டையில ஓட்டையாக் குத்தி, கம்பஸில இருந்த கொம்பியூட்டருக்குள்ள போட்டம். ரெண்டு விதமா ஓடவிட்டம். முதலாவது ஸ்டாடிக். பாரத்தை ஆறுதலா, அவசரமில்லாம வச்சு, எல்லாம் ஆடி அடங்கின பிறகு என்ன நிலைமை எண்டு கேக்கிறது. ஒரே ஒரு மறுமொழிதான் வரும். ஒரு தீப்பெட்டி. பெரியவர்ட நூல் சொன்ன அதே கணக்கு.

மற்றது ட்ரான்சியன்ட். மூட்டையைக் கெதியா, வேகமா இறக்கிக்கொண்டு வந்து சடக்கெண்டு பிரேக் அடிச்சா, அந்தந்தக் கணத்தில ஜெட்டி என்ன செய்யுது எண்டு துண்டு துண்டாக் கேக்கிறது. மரத்துக்கும் எடை இருக்கு, வேகம் இருக்கு. கீழ போகத் துவங்கினா கோட்டில நில்லெண்டா நிக்காது. தாண்டிப் போகும், திரும்பி வரும், ஆடும், பிறகுதான் அடங்கும். அப்பிடித் தாண்டேக்க ஒண்டரைத் தீப்பெட்டி. நடுத்தூண் ஒண்டைக் கடல்புழு அரிச்சுக்கிடக்கு. அது ஒண்டேகாலுக்கு மேல தாங்காது எண்டுதான் என்ர கணக்கு. அதே ஜெட்டி, அதே பாரம். ஸ்டாடிக்கில பாஸ், ட்ரான்சியன்டில பெயில்.

கொம்பியூட்டர் அடிச்சுத் தந்த கட்டுக் கடதாசியையும் தூக்கிக்கொண்டு போய் மேசையில வச்சன். பெரியவர் ஒரு பக்கம் பிரட்டினார். கந்தோர் முழுக்கக் கேக்கிற மாதிரிச் சொன்னார்:

"தம்பி மீன்காரன்ட வேலை பாக்கிறார். முள்ளு நிக்க முதலே நிறை வாசிக்கிறார்!"

எல்லாரும் சிரிச்சினம். தேத்தண்ணி கொண்டுவாற மனுசனும் சிரிச்சார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நான் இருக்கிற அக்கா வீட்டை போனா அங்க அதுக்கு மேல. அத்தான் கையைக்கூடக் கழுவேல்ல, துவங்கிட்டார்.

"என்ன துரை, கையெழுத்து வைக்கமாட்டீராம்? நான் அந்த ஜெட்டியில குதிச்சே பாத்திட்டன். ஆடேல்ல."

"நீங்கள் குதிக்கிறதும் சீமெந்து குதிக்கிறதும் ஒண்டோ அத்தான்?"

"வாயைப் பார் இவன்ர. உன்னைப் படிப்பிச்ச நேரத்துக்கு ரெண்டு மாடு வாங்கி விட்டிருக்கலாம்."

அக்கா சட்டியை நிலத்தில குத்தி வச்சா.

கிரேனை நுனியில கொண்டுபோய் வச்சிட்டினம். சரி, கண்ணால காட்டுவம் எண்டு நானும் வெளிக்கிட்டன். ஜெட்டி மரத்தில ஒரு பென்சிலைக் கட்டினன். பக்கத்தில ஜெட்டியோட தொடுப்பில்லாத தனித்தூண் ஒண்டு நிண்டது. அதில பலகை அடிச்சுக் கடதாசி ஒட்டினன். ஜெட்டி பதிஞ்சா பென்சில் கோடு கீறும். அரைவாசிப் பாரம்தான் ஏத்தவேணும் எண்டு பெரியவரிட்ட அடிச்சுச் சொல்லிப்போட்டன். அத்தான் முதல் மூட்டையளைத் தூக்கி ஆடாமப் பிடிச்சார். பென்சில் நிண்ட இடத்தில நான் சிவப்புக்கோடு போட்டன்.

"இப்ப கெதியா இறக்கிப் பிரேக் அடியுங்கோ அத்தான்."

அடிச்சார். ஜெட்டி காலுக்குக் கீழ விழுந்து எழும்பின மாதிரி இருந்தது. பென்சில் சிவப்புக்கோட்டைத் தாண்டிக் கீழ போய், மேல வந்து, திரும்பக் கீழ போய், கடதாசியைக் கிழிச்சுக்கொண்டு ஆடி ஆடி அடங்கினது. அரைவாசிப் பாரத்துக்கே அந்த ஆட்டம்.

பெரியவர் குனிஞ்சு பாத்தார். "கடைசியா எங்க வந்து நிக்குது?"

"சிவப்புக்கோட்டில."

"பிறகென்ன ஐசே! அதே இடம்தானே. உம்மட ஒரு கட்டுக் கடதாசியும் என்ர நூலும் ஒண்டுதானே சொல்லுது!"

எனக்கு வாய் நிக்கேல்ல. "சேர், மீனை எறியேக்கயே தராசுக் கொக்கி அறுந்தா முள்ளு எங்க வந்து நிக்கும்? மீனுக்குக் காசு குடுக்க நிண்ட முள்ளு போதும். கொக்கி தாங்குமோ எண்டு பாக்க ஆடுற முள்ளுதான் வேணும். இது கூடத் தெரியாம என்னத்துக்கு அந்தக் கதிரையில இருக்கிறியள்?"

ஒருத்தரும் சிரிக்கேல்ல. பெரியவர் தொப்பியைக் கழட்டித் திரும்பப் போட்டார்.

"நாளையில இருந்து ஸ்டோர்ஸில நில்லும். ஆணி எண்ணும். அது ஆடாது."

பென்சில் கடதாசியை அவரே உரிச்சுக் கசக்கிக் கடலுக்குள்ள எறிஞ்சார். என்ர கையெழுத்து இல்லாமலே தன்ர கையெழுத்தை மட்டும் வச்சு விட்டார். எனக்கு உந்தாளில மரியாதை எண்ட சாமானே இல்லை, வரப்போறதும் இல்லை.

அண்டைக்குப் பின்னேரம் அத்தான் படலையடியில நிண்டு, என்ர முகத்தைப் பாக்காமக் கேட்டார்.

"ஆறுதலா இறக்கினா?"

"ஆறுதலா இறக்கி ஆறுதலா நிப்பாட்டினா ரெண்டு கணக்கும் ஒண்டுதான் அத்தான். அதையும் ஓடவிட்டுப் பாத்தனான். கோட்டைத் தாண்டாது. வேலைக்குப் போகாம விடுங்கோவன்."

"போகாட்டி உன்ர அக்காவுக்கும் பிள்ளையளுக்கும் ஆணியோ அவிச்சுக் குடுக்கிறது?"

அவ்வளவுதான். நன்றி கின்றி ஒண்டும் இல்லை. ஆனா அதுக்குப் பிறகு அவர் இறக்கிற விதமே வேற, பூனை பால்சட்டிக்குள்ள கால் வைக்கிற மாதிரி. வத்தைக்காரர் கீழ நிண்டு ஏசுவினம். "என்ன ஓய், மூட்டைக்குத் தாலாட்டோ?" எண்டு மூதூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் கேட்டு, ஜெட்டி முழுக்க அதே பகிடிதான். அத்தான் அடுத்த மூட்டையையும் அதே ஆறுதலா இறக்குவார். வேலை பிந்துது எண்டு பெரியவருக்குத்தான் பொறுக்கேல்ல. ஒரு நாளும் கந்தோரை விட்டு இறங்காத மனுசன் இப்ப ஜெட்டியிலயே கிடையாக் கிடக்கிறார்.

ஸ்டோர்ஸ் டைப்ரைட்டரில இதை அடிக்கிறன். யன்னலால ஜெட்டி தெரியுது. மூண்டு வத்தை காத்துக்கொண்டு நிக்குது, அத்தான் கிரேனுக்குள்ள இருக்கிறார், கொக்கியில முழுப்பாரம் தொங்குது, பெரியவர் ஜெட்டி நுனியில கிரேனுக்குக் கீழ நிண்டு "கெதியா, கெதியா" எண்டு கத்துறார்.