அரண்மனை அடிக்காத காசு

என்னிடம் இருக்கும் வெள்ளிக் காசுகளில் ஒன்றைக்கூட எந்த அரசாங்கமும் அடித்ததில்லை. எல்லாம் வெள்ளிக் கடைக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அச்சு வெட்டி அடித்தவை. கடையில் நீட்டினால் ஒரு கவுளி வெற்றிலைகூடக் கிடைக்காது. ஒன்றில் ராமர் பட்டாபிஷேகம். இடம் போதாமல் பரதனை விட்டுவிட்டார்கள். இன்னொன்றில் வெள்ளைக்கார ராணியின் தலை. அச்சு வெட்டியவருக்குக் கை சும்மா இருக்கவில்லை, ராணிக்கு மூக்குத்தி வைத்துவிட்டார். வேறொன்றில் யாரென்றே தெரியாத ஒரு ராஜா, யாரும் ஆளாத ஒரு வருடத்தில், பெரிய மீசையோடு வீற்றிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கிய மாதத்திலிருந்து இவற்றைச் சேர்க்கிறேன். பொன்னமராவதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிப் புதுக்கோட்டைக் கடைவீதிக்குப் போவேன். அங்கே ஒரு வெள்ளிக் கடை. அறுந்த கொலுசு, நசுங்கிய அரைஞாண், காது போன சந்தனக் கிண்ணம் என்று உருக்குவதற்கு வந்த பழைய வெள்ளியை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து வைத்திருப்பார்கள். அதற்குள் கைவிட்டுத் துழாவுவேன். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தகப்பனாருக்குப் பிறகு கடையைப் பார்ப்பவர். முதல் தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல ரூவாயே இருக்குங்க, டீச்சரம்மா. பழைய சர்க்கார் ரூவா. அதை விட்டுட்டு இதை எடுக்குறீங்களே."

"இதுதாங்க வேணும்."

"இது பொய்க் காசுங்க."

"தெரியுங்க."

"சம்பளத்தைக் குடுத்துப் பொய்யை வாங்குறீங்க" என்று சிரித்துக்கொண்டே தராசில் போட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் பேனா பிடித்தவள் நான். அப்பா இன்றும் கைநாட்டுத்தான். சர்க்கார் காசுகளைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். புத்தகத்தைப் புரட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். இந்தக் கடைக் காசுகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. யார் அடித்தார், எதற்கு அடித்தார், யார் கழுத்தில் தொங்கியது என்பதை நானே விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேறொருவர் எனக்குச் சொல்லித் தராத ஒன்று என் கையில் இருக்கிறது என்கிற கர்வம் எனக்கு இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஆத்தாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "வெள்ளியைக் கொலுசா மாத்திக் கால்ல போட்டா ஊரு பார்க்கும். டப்பாவுக்குள்ள போட்டு வச்சா எலிதான் பார்க்கும். ஒனக்கு மாப்பிள்ளை எலிக் கூட்டத்துலயா பார்க்கிறது?" என்பாள்.

எங்கள் வீட்டிலேயே ஒரு வெள்ளிக் காசு இருந்தது. ரூபாய் அகலம். ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் ஒரு கிரீடம். சாமி அறை மாடத்தில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தோம். அது அரண்மனைக் காசு. நவராத்திரியில் ராஜா தன் கையாலேயே எங்கள் முப்பாட்டனுக்குக் கொடுத்தது என்று ஐயா, அதாவது அப்பாவின் தகப்பனார், சாகும்போது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மனின் இடது காதிலிருந்து தோள் வரை ஒரு கோடு இருந்தது. முப்பாட்டன் கருதறுக்கப் போனபோது மடியிலிருந்த காசில் அரிவாள் பட்டுக் கீறிவிட்டது, காசு தடுத்ததால் வயிறு தப்பியது என்பது வீட்டுக் கதை. சின்ன வயதில் அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கடைத் தாம்பாளத்தில் அதே காசு ஒன்று கிடைத்தது. அதே அம்மன், அதே கிரீடம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இடது காதிலிருந்து தோள் வரை அதே கோடு.

வீட்டுக்கு வந்ததும் மாடத்துக் காசை அவிழ்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு முப்பாட்டன்கள் இரண்டு அரிவாளால் ஒரே இடத்தில் கீறியிருக்க முடியாது. பிறகு நகத்தால் அந்தக் கோட்டை வருடினேன். கீறல் என்றால் பள்ளமாக இருக்க வேண்டும். இது மேடாக இருந்தது. இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு கடைக்காரரிடம் கேட்டேன். அவர் காசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க அச்சுத்தாங்க. சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்துச்சுல்ல, அந்த வருசம் அடிச்சோம். அரண்மனையில குடுத்த அம்மன் காசு செம்புங்க. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். இனிமே அது வராதுன்னதும் சனத்துக்கு ஒரு ஏக்கம். அப்பத்தான் எங்கப்பா வெள்ளியில, பெரிசா, ஒரு ஞாபகத்துக்குன்னு அடிச்சாரு. அச்சு நடுவுல விண்டுபோச்சு. விண்ட இடத்துல வெள்ளி ஏறிக்கும்ல, அதான் நரம்பு மாதிரி இந்தக் கோடு."

"அரண்மனைக் காசுன்னு சொல்லித்தான் வித்தீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. எங்கப்பா அதுல கண்டிப்பு. வாங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் இது கடைக் காசு, அரண்மனைக் காசு இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லித்தான் கையில குடுப்பாரு. பின்னாடி வம்பு வரக் கூடாதுல்ல."

கடைக்கு வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அதன் பொருள் முழுவதும் எனக்கு உறைத்தது. காசு பொய் என்பது ஒன்று. அதை அடித்த காலத்தில் முப்பாட்டன் உயிரோடு இல்லை, வாங்கியவர் ஐயாதான். ஐயாவிடம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. யாரும் அவரை ஏமாற்றவில்லை. அவர்தான் எங்களை ஏமாற்றியிருக்கிறார். நான் இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. மாடத்துக் காசைத் துணியில் பழையபடி முடிந்து வைத்தேன். சொல்ல வேண்டிய அவசியம் வராது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் வந்தது. எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு மண் குதிரைகளைத் தோளில் சுமந்துபோய் நிறுத்தும் குதிரை எடுப்பு வைப்பதாக ஊரில் முடிவாயிற்று. எடுப்புக்கு முன்னால் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, மண் குதிரை செய்யும் வேளாரின் கையில் கொடுக்க வேண்டும். பிடிமண் கொடுப்பது என்று சொல்வோம். அதைக் கொடுத்தால்தான் வேளார் குதிரைக்கு மண் மிதிப்பார். கொடுக்கும் உரிமை ஒரு வீட்டுக்குத்தான். அந்த வீட்டுப் பெரியவர் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டதால், அந்த உரிமையை எங்கள் வீடும் மேலவீடும் கேட்டன.

அப்பா தன் ஆயுளில் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஊர்க்கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அவர் வாசலில் குந்தி உட்கார்ந்து மாடத்துக் காசைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். ஆத்தா பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, இதை எதுக்கு எடுத்தீங்க?"

"சபையில வைக்கப்போறேன். ராஜா கையால எங்க பாட்டன் வாங்குனது. எங்க வீட்டு மரியாதைக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மேலவீட்டான் வாயைத் திறக்க மாட்டான்."

நான் உள்ளே போய் என் காசை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கோட்டைக் காட்டினேன். நகத்தால் தடவச் சொன்னேன். அச்சு விண்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் இரண்டு காசையும் மாற்றி மாற்றித் தடவினார்.

"கடையில அடிச்சதா?"

"ஆமாப்பா."

"இது ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப என்ன?" என்றார். மறுபடி விளக்க ஆரம்பித்தார்.

"சபையில வைக்காதீங்கப்பா. ஐயனார் காரியத்துல பொய்க் காசை வைக்கக் கூடாது."

"எனக்குப் புத்தி சொல்றியா?"

"நீங்க வச்சா, நானும் என் காசைக் கொண்டாந்து பக்கத்துல வைப்பேன்."

ஆத்தா கடலையை முறத்தோடு தள்ளிவிட்டாள். "அடிப் பாவி, பெத்தவனைச் சபையில நிறுத்தி அசிங்கப்படுத்துவியா?"

அப்பா கோபப்படவில்லை. தணிந்த குரலில் கேட்டார்: "ஒன்னையப் படிக்க வச்சது எனக்கு எதிராச் சாட்சி சொல்றதுக்குத்தானா?"

சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. மூன்று நாளும் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு ஆத்தா அந்தப் பக்கம் போய்விடுவாள். நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். கூட்டத்தன்று சாயங்காலம் என் காசைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு புறப்பட்டேன். அவர் வைத்தால் நான் வைப்பதுதான் என்று நடந்துபோகும்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயில் பொட்டலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். அப்பாவின் முறை வந்ததும் எழுந்தார். மடியிலிருந்து காசை எடுத்தார். நான் தலைப்பின் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எங்கப்பன் எனக்குக் குடுத்தது. அரண்மனைக் காசுன்னு சொல்லிக் குடுத்தாரு. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். என் மக இது கடைக் காசுன்னு சொல்றா. அவ படிச்சவ, இதுகளைப் பத்தி அவளுக்குத் தெரியும். அதனால இதைச் சாட்சியா வைக்கலை. போன எடுப்புல மூணு குதிரையை எங்க வீட்டாளுக தோள்லதான் தூக்குனாங்க. அதைப் பார்த்து ஊரு என்ன சொல்லுதோ சொல்லட்டும்."

மேலவீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"பொம்பளைப் பிள்ளை சொல்றதைக் கேட்டுக்கிட்டு வர்ற ஆளு பிடிமண்ணு குடுத்தா, வேளாரு குதிரைக்குப் பதிலாக் கழுதையைப் பண்ணி வச்சிருவாரு."

பொட்டல் முழுவதும் சிரித்தது. வேளாரும் சிரித்தார். அப்பா உட்கார்ந்துவிட்டார். பிடிமண் மேலவீட்டுக்குப் போயிற்று.

ஊரில் எனக்கு 'அப்பனைக் கவுத்த டீச்சர்' என்று பெயர் வந்தது. அது என் காதில் விழுந்தபோதெல்லாம் நின்று, சொன்னவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தேன். சரியானதைச் செய்தோம் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அப்பா மட்டும் என்னிடம் இரண்டொரு வார்த்தைக்கு மேல் பேசாமல் இருந்தார். குதிரைகள் சூளையேறும் வரை அப்படித்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புறப்படும்போது சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வாரேன். அந்தக் கடைக்காரனை எனக்குக் காட்டு."

சண்டை பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கடையில் அவர் காசைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். "அம்மனைப் போட்டு எங்கப்பனை ஏமாத்தியிருக்கீங்களே, இது ஞாயமா?" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ஏமாத்தலைங்க. கடைக் காசுன்னு சொல்லித்தான் ஒவ்வொருத்தருக்கும் குடுத்தோம். டீச்சரம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேனே."

அப்பா காசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வா, போகலாம்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். திருமயம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஐயாவைப் பத்தி… ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"ஊருக்கு முன்னாடி சிரிப்பாச் சிரிச்சது மட்டும் கஷ்டமா இல்லையா எனக்கு? எங்க பாட்டன் காசை எடுத்துக்கிட்டு இதைக் குடுத்து எங்கப்பனை எவனோ ஏமாத்திட்டான்னு இத்தனை நாளா அந்தக் கடைக்காரனை வஞ்சுக்கிட்டு இருந்தேன். சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லு. இல்லையா, கம்முனு இரு. எனக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

மூன்று நாள் வீட்டையே எதிர்த்து நின்றவள் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. அது என் குணம்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைப்பது என் வழக்கம். மாடத்துக் காசுக்கு மட்டும் நான் பக்கம் போட்டதே இல்லை. இப்போது போட்டேன். எழுதி முடித்து, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அப்பாவிடம் கொண்டுபோய் வாசித்தேன்.

"புதுக்கோட்டை வெள்ளிக் கடையில் சமஸ்தானம் சேர்ந்த வருடம் அடித்தது. அச்சு விண்ட பிறகு வந்த காசு. கடைக் காசு என்று தெரிந்தே என் ஐயா வாங்கினார். அரண்மனைக் காசு என்று வீட்டில் சொன்னார். அவர் தெரிந்தே வாங்கினார் என்பதை என் அப்பாவிடம் நான் ஒரு வருடம் மறைத்தேன்."

அப்பா தவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார்.

"கடைசியா என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"ம்" என்றார். மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனார்.